மூலத்தைக் காத்துத் திருத்துக

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுத எண்ணினோம். ஆயின், கெலிஓயாவில் எமக்கு நேர்ந்த இழப்பொன்று வேறொன்றை எழுதத் தூண்டிற்று.

எம் தந்தையார் தம் தோழர் பதினொருவருடன் நின்ற பழைய நிழற்படம் ஒன்று எம்மிடம் இருந்தது. அதனைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்துத் துலக்கித் தருமாறு அயலிளைஞர் ஒருவரை வேண்டினோம். அவரும் அன்போடு செய்தார். ஆயின், அடியில் மங்கியிருந்த மையெழுத்துக்களைக் கறையெனக் கருதி நீக்கிவிட்டார். அவை பன்னிருவரின் பெயர்கள்! செயலியோ திருத்திய படத்தைப் பழைய படத்தின்மேலேயே எழுதிவிட்டது. தாட்படமும் அடுத்த மாரியிற் கூரையொழுக்கில் நனைந்து அழிந்தது. இன்று அவருள் எழுவர் யாரெனச் சொல்வாரில்லை.

இளைஞரை யாம் குறைகூறோம். குறை, கருவி அமைந்த முறையிலேயே உளது. கணினிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறக்கூறும் பெரும்பாலும் 0 முதல் 255 வரையுள்ள எண்ணொன்றாற் குறிக்கப்படும். ஒளியைக் கூட்டுங்கால் 245, 250 என வேறுபட்டு நின்றவை யாவும் 255 ஆகிவிடின், பின்னர் ஒளியைக் குறைப்பினும் அவ்வேறுபாடு மீளாது. ஜேபெக் முறையில் மீண்டும் மீண்டும் சுருக்கிச் சேமிப்பதாலும் நுண்மைகள் தேயும்.

இதற்கு மாற்று வழி புதிதன்று. மூலக்கோப்பைத் தொடாது, 'இவ்வளவு ஒளி கூட்டுக, இவ்விடத்தை வெட்டுக' என்னும் கட்டளைகளை மட்டும் தனியே குறித்துவைத்து, பார்க்குந்தோறும் மூலத்திலிருந்தே படத்தைக் கணித்துக் காட்டுவதே அது. 1996இல் போட்டோஷொப்பிற் சேர்ந்த திருத்தப் படலங்களும், 2007இல் வெளிவந்த லைட்ரூமும் இவ்வழியைப் பரப்பின. 2014இல் அப்பிள் நிறுவனம், பிறர் ஆக்கும் செயலிகளும் திருத்தக் குறிப்பைத் தனியே சேமித்து, மூலப்படத்துக்கு மீள வழிசெய்தது. எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளும் 2025இல் வந்த தன் மூன்றாம் பதிப்பில் இவ்வசதியைத் தந்துள்ளது.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இது பழகிய அறமே. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளிற் கண்ட பாடபேதங்களைக் குறித்துவைத்தார்; சிதைந்த அடிகளைச் சிதைந்தவாறே விட்டார்; கிடையாத 267, 268ஆம் பாடல்களின் இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பினாரல்லர். அவரினும் புலமை மிக்கதோ ஒரு செயலி? இந்நாளிற் சில செயலிகள் மங்கிய முகத்துக்குத் தாமே கண்ணும் மூக்கும் வரைந்து தருகின்றன. அம்முகம் எம் பாட்டனாருடையதன்று என்பதைப் பேரன் எங்ஙனம் அறிவான்?

இக்கட்டுரையைப் படிக்கும் பழைய மாணவருள், கொழும்பிலும் கடல்கடந்த நகரங்களிலும் செயலி ஆக்கும் தொழிலில் உள்ளார் பலர். அவர்க்கு எம் விண்ணப்பம் இது. மூலக்கோப்பின்மேல் ஒருபோதும் எழுதற்க. திருத்தங்களை வரிசை மாறாது குறித்துவைக்க; எந்தப் பதிப்பின் கணிப்புமுறையாற் செய்தது என்பதையும் உடன் குறிக்க; அன்றேல் நாளை கணிப்புமுறை மாறும்போது படமும் மாறும். பிறர்க்கு அனுப்புவது புதுப் பிரதியாகவே இருக்கட்டும். 'மூலத்துக்கு மீள்க' என்னும் பொத்தான் கண்ணிற் படும் இடத்தில், நல்ல தமிழில் நிற்கட்டும்.

இவ்வாறு செய்யின் இடம் மிகுதியாகும், ஓட்டம் தாமதிக்கும் என்பர் சிலர். கட்டளைக் குறிப்பு மிகச் சிறிதே. தாமதத்தைச் சிறிய முன்னோட்டப் படமொன்றாற் போக்கலாம். மூலத்தைக் காக்கும் இடச்செலவு உண்மையே. எனினும் எழுவர் பெயரை இழந்த எமக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

மலைநாட்டிலே பல குடும்பங்களுக்குத் தம் முன்னோரைப் பற்றி எஞ்சியிருப்பது ஓரிரு நிழற்படங்களே. மூலம் இருப்பின் பிழை திருந்தும். மூலம் அழியின் திருத்தமே பிழையாகும். இதனை எம் மாணவர் மறவாதிருப்பாராக.