விலை கொடுப்பவன் உயிரே உயிரோ?

ஓட்டுநர் இன்றித் தானே ஓடும் மகிழுந்தைச் செய்து விற்கப் பெருநிறுவனங்கள் முந்துகின்றன. வாங்குவோர் விரும்புவது யாது என்பதே அவற்றின் ஓயாத ஆராய்ச்சி. அவ்வண்டியின் முன்னே நடந்து செல்வோன் விரும்புவது யாது என்று கேட்பார் யார்?

வாங்குவோர் விருப்பத்தின் உண்மை முகத்தை, 2016-ஆம் ஆண்டில் ‘சயன்சு’ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வொன்று உரித்துக் காட்டியது. நடந்து செல்வோர் பதின்மரைக் கொல்வதினும் வண்டியுள் இருக்கும் ஒருவரைக் காவு கொடுப்பதே அறம் என்றனர், அமெரிக்கரிடை நிகழ்ந்த அவ்வாய்வில் நூற்றுக்கு 76 பேர். அத்தகைய வண்டியைப் பிறர் வாங்குதல் நன்றென்றும் கருதினர். ஆயின், நீவிர் எதை வாங்குவீர் என வினவியபோதோ, உள்ளிருப்போரை எப்பாடுபட்டேனும் காக்கும் வண்டியையே நாடினர்! அறம் ஊரார்க்கு, காப்போ தமக்கு! இதனைச் சந்தையின் கையில் விட்டால் வணிகன் எவ்வண்டியைச் செய்வான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2018 மார்ச்சு 18 இரவு, அரிசோனா மாநிலத் தெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணொருவரை ஊபர் நிறுவனத்தின் வெள்ளோட்ட வண்டி மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 நொடி முன்னரே பொறி அவரைக் கண்டுவிட்டது. கண்டும், ஊர்தி என்றும் மிதிவண்டி என்றும் மாறிமாறிக் குழம்பியது. கடவையல்லாத இடத்திலும் மாந்தர் சாலையைக் கடப்பர் என்பதை அதற்குக் கற்பித்திருக்கவேயில்லை. வண்டி தேவையின்றித் திடுமெனத் தடுமாறுவதைக் குறைக்கவென, நெருக்கடியில் தானே நிறுத்தும் அமைப்பையும் முடக்கி வைத்திருந்தனர். முடிவு என்ன? கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்திருந்த கூலிப் பணியாளர் 2023-இல் குற்றத்தை ஒப்பி ஒறுக்கப்பட்டார். நிறுவனத்தின்மீதோ குற்றவழக்கே இல்லை!

“மாந்தர் ஓட்டும் வண்டிகள் கொல்லவில்லையா?” என்பர் நிறுவனத்தார். மெய்யே. உலகச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 இலக்கம் பேர் மடிகின்றனர். பொறி குடிப்பதில்லை, உறங்குவதுமில்லை. அதனால் சாவு குறையுமேல் வரவேற்கத் தக்கதே. ஆயின், மடிவோருள் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தும் மிதிவண்டியிலும் உந்துருளியிலும் செல்வோர். மகிழுந்துக் கூட்டின் காப்பு இல்லாத அவர்கள், இவ்வண்டிச் சந்தையில் வாங்குவோராக எண்ணப்படுவதே இல்லையே!

செருமனி அரசு அமைத்த அறநெறி ஆணையம் 2017-இல் 20 நெறிகளை வகுத்தது. அகவையும் பாலும் பார்த்து உயிரை எடைபோடலாகாது. ஊர்தியால் இடரை உண்டாக்குவோர் அதில் தொடர்பற்றோரைக் காவு கொடுத்தலாகாது என்பன அவற்றுட் சில. இதுவே நேரிய வழி. வண்டியின் நிறத்தையும் இருக்கையையும் வாங்குவோன் தேர்ந்துகொள்க. சாலையில் எவ்வுயிர் பிழைக்க வேண்டும் என்பதைத் தேரும் உரிமை எப்பணத்துக்கும் இல்லை! அதனைச் சட்டமே வரையறுத்தல் வேண்டும்.