கடல் கடந்த உண்டி

மாந்தர் தம் ஊரை விட்டுப் பெயருங்கால் பலவற்றை விட்டுச் செல்வர். உடையை மாற்றுவர், சில தலைமுறைகளில் மொழியையும் மறப்பர், நாவின் சுவையை மட்டும் எளிதில் விடார். ஆயினும், அச்சுவையையே விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை நேருமாயின், உண்போர் விருப்பத்திற்கு இணங்க அதனையும் மாற்றத் தலைப்படுவர். விடாமையும் மாற்றுதலும் ஆகிய இவ்விரண்டிற்கும் இடையே பிறந்தனவே, உலகின் பல நகரங்களில் 'இந்திய உணவு' என்றும் 'சீன உணவு' என்றும் பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் உண்டிச்சாலைகளின் பண்டங்கள் எனலாம்.

இப்பண்டங்களைக் குறித்து நம் மாணவருள் ஒரு கூற்று வழங்குகின்றது. மாலை வேளையில் தெருமுனை வண்டியில் 'சீன' உணவு வாங்கி உண்டு திரும்புவோருள் ஒருவர், "சீன தேசத்தில் இப்படி ஒரு பண்டமே இல்லை, இது வெறும் போலி," என்பர். அருகிருப்போரும் அதனை ஆமோதித்து நகைப்பர். இக்கூற்றில் முதற்பாதி பெரும்பாலும் உண்மை. பிற்பாதி பொருந்துமா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

பிறர் குற்றம் காண்பதற்கு முன் நம் பெயர் பூண்டு நிற்கும் பண்டம் ஒன்றை முதலில் நோக்குவோம். இங்கிலாந்தில் உள்ள இந்திய உண்டிச்சாலைகளின் உணவுப் பட்டியலில் 'மெட்ராஸ்' என்றொரு கறி உண்டு. தக்காளியும் மிளகாய்த் தூளும் மிகுதியாகச் சேர்ந்து காரம் தூக்கி நிற்பது அது. 'குருமா' என்றால் காரம் குறைந்தது; 'மெட்ராஸ்' என்றால் காரம் மிக்கது; 'விண்டலு' என்றால் அதனினும் மிக்கது என்பது அந்நாட்டார் கொண்ட அளவுகோல். சென்னையில் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் அவ்வுண்டிச்சாலையில் அமர்ந்து 'மெட்ராஸ்' கேட்டாராயின், தம் ஊர்ப்பெயர் தாங்கி வந்த பண்டம் தாம் ஒருகாலும் கண்டறியாதது என்று வியப்பர். அங்கே நம் நகரின் பெயர் ஊரைக் குறிப்பதன்று; காரத்தின் அளவைக் குறிக்கும் ஒரு சொல்லாகிவிட்டது.

இஃது எவ்வாறு நேர்ந்தது? அந்நாட்டில் இந்திய உண்டிச்சாலை புதியதன்று. 1810-ம் ஆண்டிலேயே சேக் தீன் முகம்மது என்பார் இலண்டனில் ஓர் இந்திய உண்டிச்சாலை நிறுவினார். இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய கனவான்களை நம்பி அவர் நடத்திய அத்தொழில் 1812-ம் ஆண்டில் முறிந்தது. பிற்காலத்தில் இத்தொழிலை நாடெங்கும் பரப்பியவர் பெரும்பாலும் இன்று வங்காள தேசத்தில் உள்ள சில்ஹெட் பகுதியினர். ஆங்கிலேயரின் கப்பல்களில் கூலிக்கு உழைத்து, துறைமுக நகரங்களில் இறங்கித் தங்கிய அம்மக்களும், அவர்தம் உறவினரும், வந்தபின் கற்றுக்கொண்ட தொழில் இது. அவர்தம் இல்லங்களில் சோறும் மீனும் கருவாடும் 'சாத்கரா' என்னும் புளிப்புக் கனியுமே சிறந்த உணவு. உண்டிச்சாலையிலோ வடநாட்டுப் பெயர்களும் மெட்ராஸ் என்னும் தென்னாட்டுப் பெயரும் தாங்கிய பண்டங்களைச் சமைத்து விற்றனர். மிகுந்த வெங்காயத்தை நெடுநேரம் வேகவைத்து அரைத்த ஒரே அடிப்படைக் குழம்பைக் கொப்பரையில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, கேட்போர் கேட்டவாறு மசாலையையும் மிளகாயையும் கூட்டியும் குறைத்தும் சில நிமிடங்களில் பல பெயர்களில் பரிமாறுவது அவர்கள் கண்ட உபாயம். சிறிய அடுக்களை, குறைந்த ஆட்கள், விரைந்து உண்ண விழையும் கூட்டம் ஆகிய இம்மூன்றும் கூடி வகுத்த முறை அது. 2001-ம் ஆண்டில் அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரியாயிருந்த இராபின் குக் என்பார், 'சிக்கன் டிக்கா மசாலா'வைப் பிரிட்டனின் மெய்யான தேசிய உணவென்று ஒரு சொற்பொழிவில் போற்றினார். சுட்ட இறைச்சிக்குக் குழம்பு வேண்டும் என்ற ஆங்கிலேயர் விருப்பத்தினால் அது தோன்றியது என்றும் விளக்கினார்.

இனி, மெட்ராஸ் பெற்ற கதியை நம் நாட்டில் மஞ்சூரியா பெற்றது. மஞ்சூரியா சீனத்தின் வடகிழக்குப் பகுதி. நம் ஓட்டல்களில் வழங்கும் 'மஞ்சூரியன்' என்னும் பண்டத்திற்கும் அப்பகுதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கல்கத்தாவில் பிறந்த சீன மரபினரான நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர், 1975-ம் ஆண்டில் பம்பாய்க் கிரிக்கெட் சங்கத்தில் பணிபுரிந்தபோது இதனை ஆக்கினார் என்பர். வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் என நம் சமையலில் தொடங்கி, மசாலைத் தூள் இடவேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றி, மாவு கரைத்துக் குழம்பாக்கினார். பின்னர்க் கோழியிறைச்சி உண்ணாதார்க்கு அதன் இடத்தில் காலிப்பூ வந்தது. 'கோபி மஞ்சூரியன்' இன்று சிற்றூர்த் திருமண விருந்திலும் இடம்பெறுகின்றது. இங்கிலாந்தில் மெட்ராஸ் எப்படியோ, இந்தியாவில் மஞ்சூரியனும் அப்படியே. முன்னதைப் போலி என்று நகைப்போம் எனின், பின்னதைச் சுவைத்து உண்ணும் நாமும் அந்நகைப்பிற்கு உரியோமே!

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ உணவின் போக்கைச் சட்டமும் வகுத்தது. பொன் தேடியும் இருப்புப்பாதை அமைக்கவும் சென்ற குவாங்துங் மாகாணத்துச் சீனர், பின்னர் அங்குள்ளாரின் பகைக்கு ஆளாயினர். 1882-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்தது. வணிகர் முதலிய சிலர்க்கே விலக்கு அளித்தது. 1915-ம் ஆண்டில் உண்டிச்சாலை நடத்துவோரும் வணிகராகக் கருதப்படலாம் என்று நீதிமன்றம் ஒன்று தீர்த்தபின், அத்தொழிலில் முதலிடுவோர் பெருகினர். அச்சட்டம் 1943-ம் ஆண்டு வரை நீங்கவில்லை. தம்மை நாட்டினுள் விடாத மக்களின் நாவிற்கு உகந்தவாறு சமைத்தே அந்நாட்டில் நிலைபெற வேண்டியிருந்தது அவர்தம் நிலை. அந்நாட்டுச் சீன உணவில் இனிப்பு மிகுந்ததற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

அங்குப் புகழ்பெற்ற 'ஜெனரல் ட்சோ கோழி'யின் கதை இதனை நன்கு விளக்கும். ஊனான் மாகாணத்தவரான பெங் சாங்-குயி என்னும் சமையற்கலைஞர் தைவான் தீவிற் குடியேறியபின், 1950-களில் அதனை ஆக்கினார். அவர் முதலில் ஆக்கியது புளிப்பும் காரமும் உப்பும் உடையது, சர்க்கரை கலவாதது. 1970-களில் நியூயார்க் நகரத்தை அடைந்தபின் அஃது இனிப்பு ஏறப்பெற்றது. பின்னாளில் அவர் தம் சொந்த மாகாணத்தில் உண்டிச்சாலை திறந்து அதனைப் பரிமாறியபோது, அவ்வூரார் இனிப்பு மிகுதி என்று அதனை ஏலாராயினர். ஊனானின் பெருவீரர் ஒருவரின் பெயர் தாங்கிய பண்டத்தை ஊனானே அறிந்துகொள்ளவில்லை!

இவ்வாறு கூறக் கேட்கும் சிலர், "அப்படியாயின் இவையெல்லாம் கலப்படமேயன்றி வேறென்ன? தூய உணவு தாயகத்தில் மட்டுமே உளது," என வாதிப்பர். இவ்வாதம் நிலைபெறாது. சீனத்தின் சூச்சுவான் சமையலுக்கும் நம் ஆந்திரச் சமையலுக்கும் உயிராய் விளங்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. 16-ம் நூற்றாண்டிற்கு முன் ஆசியாவில் ஒருவரும் அதனைச் சுவைத்தாரில்லை. தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே வந்தவை. சங்க நூல்களில் 'கறி' என்பது மிளகைக் குறிக்கும் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். புதிதாய் வந்த காரக் காய்க்கு நம் முன்னோர் பழைய மிளகின் பெயரையே ஈந்து 'மிளகாய்' என்றழைத்துத் தமதாக்கிக்கொண்டனர். எனவே, தாயகத்து உணவும் ஒரு காலத்தில் வந்தேறியைக் கொண்டு சமைத்ததே. இன்று பழமை என்று நாம் போற்றுவது, நாம் மறந்துவிட்ட புதுமையேயன்றி வேறன்று.

இன்னும் ஒன்று. பினாங்குத் தீவில் நம் தமிழ் முஸ்லிம்கள் விற்கும் 'மீ கோரிங்' என்னும் உணவை நோக்குக. சீனர் செய்யும் மஞ்சள் நிறக் கோதுமை நூடுல்ஸும் சோயாக் கட்டியும் எடுத்து, உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் சேர்த்து இருப்புச் சட்டியில் புரட்டித் தருவர். பெயர் மலாய், பொருள் சீனம், கை தமிழ். இதனைத் தமிழ்நாட்டிலும் காண்டல் அரிது. சீனத்திலும் காண்டல் அரிது. பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் சென்னைக் கடற்கரைச் சாலையருகே விற்கும் 'அத்தோ'வும் இவ்வினத்ததே. இவற்றைப் போலி என்பார், எதன் போலி என்று விடை கூறுவாராக.

எனினும், எதிர்வாதத்தில் உள்ள ஒரு நியாயத்தை யாம் மறுக்கவில்லை. தெருமுனை வண்டியில் உண்டதைக் கொண்டு சீனத்தின் சமையற்கலை இவ்வளவே என்று முடிவு கட்டுதல் அறியாமை. அங்ஙனமே 'மெட்ராஸ்' உண்டவர் தென்னாட்டு உணவைத் தாம் அறிந்ததாகக் கருதுதலும் பிழை. ஒரு பண்டம் எந்நாட்டில் எவரால் எக்காரணத்தால் ஆக்கப்பட்டது என்று அறிந்து உண்ணுதல் கற்றார்க்கு அழகு. ஆனால் அறிதல் வேறு, இகழ்தல் வேறு.

உண்மையில் யாம் வருந்துவது உணவு போலியா அன்றா என்பதற்காக அன்று. உணவை ஏற்றுச் சமைத்தவரை ஏலாமையே யாம் கண்ட பெருங்குறை. இலண்டனின் கீழைப் பகுதியில் 1978-ம் ஆண்டு மே மாதத்தில் அல்தாப் அலி என்னும் வங்காளத் தொழிலாளி, நிறவெறி கொண்டாரால் தெருவில் கொலையுண்டார். கறி விரும்பி உண்ட நகரமே அந்நகரம். நம் நாடோ இதில் குற்றமற்றதன்று. 1962-ம் ஆண்டில் சீனத்துடன் போர் மூண்டபோது, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தோர் உட்பட ஏறத்தாழ 3,000 சீன மரபினர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவருள் முதியோரும் சிறுவரும் இருந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தனர். பின்னர்ப் பலர் கல்கத்தாவை விட்டுக் கனடாவிற்குச் சென்றனர். இன்று டொராண்டோ நகரில் 'ஹக்கா' உண்டிச்சாலை என்ற பெயரில் அவர்கள் விற்பது யாதெனின், சில்லி சிக்கனும் மஞ்சூரியனுமே! தம்மை வெளியேற்றிய நாட்டின் சுவையை அவர்கள் விட்டாரல்லர். அதனை உண்ண வருவோருள் நம் இந்தியர் பலர். இதனினும் நெஞ்சை உருக்கும் விருந்தோம்பல் யாதுளது?

அது பழங்கதை என்று தள்ளவும் இயலாது. 2020-ம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், நம் வடகிழக்கு மாகாணங்களைச் சார்ந்த மாணவரையும் தொழிலாளரையும் முகத்தோற்றம் ஒன்றையே கண்டு 'நோய்' என்று தெருவில் ஏசியவர் இந்நாட்டின் பல நகரங்களிலும் இருந்தனர். நம் 'சீன' ஓட்டல்களின் அடுப்படியில் வெந்து நமக்கு உணவளிப்போர் பலர் அம்மாகாணங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவரே. அவர் தம் பெயரைக் கேட்டறியாது, முகத்தைக் கொண்டு இழிபெயரிட்டு அழைக்கும் வழக்கம் மாணவரிடத்தும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்து நாம் கூற இயலுமா?

திருமறையில் அப்போஸ்தலர் நடபடிகளில், பேதுரு யோப்பா பட்டணத்து வீட்டு மேல்தளத்தில் பசித்திருந்தபோது கண்ட தரிசனம் நாம் அறிந்ததே. விலக்கப்பட்ட உயிரினங்கள் நிறைந்த துப்பட்டி ஒன்று வானினின்று இறங்கியது. உணவைப் பற்றியது போல் தோன்றிய அத்தரிசனம் உண்மையில் மனிதரைப் பற்றியது என்பதை, அயல்சாதியானாகிய கொர்நேலியுவின் வாயிலில் நின்றபோதே பேதுரு உணர்ந்தார். எந்த உணவும் தீட்டன்று என்று கற்றதனோடு அவர் நில்லாமல், எந்த மனிதனும் தீட்டல்லன் என்று அறிந்து அவ்வீட்டினுள் நுழைந்தார். நாமோ முதற்பாடத்தை விரைவிற் கற்றுக்கொண்டோம். எந்நாட்டுப் பண்டமாயினும் நம் நா தயங்குவதில்லை. இரண்டாம் பாடமே எஞ்சியுள்ளது.

ஆதலின், அன்புள்ள தோழர்காள்! இனி அத்தெருமுனை வண்டியருகே நிற்குங்கால், இது மெய்யான சீன உணவா என்று வினவுவதை விடுத்து, அதனைச் சமைத்துத் தருபவரை நோக்கி, "தங்கள் பெயர் யாது? ஊர் யாது?" என்று வினவுவோமாக. உணவின் மெய்ம்மையை ஆராயப் புலவர் பலர் உளர். சமைத்தவரை மனிதராக மதிக்கும் கடமையோ, உண்ட நம் ஒவ்வொருவரையும் சார்ந்தது.