தீனி எங்கிருந்து வரும்?



உப்புவெளியில் வளவுக்குள் மீன்குளம் வெட்டலாமா என்று நான் வீடுகளுக்குப் போகும்போது கேட்கிறீர்கள். வெட்டலாம். எங்கள் மணலில் தண்ணீர் நிற்காது. அடியில் களியோ தடித்த பொலித்தீனோ வேண்டும். குடிகிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

ஆனால் என் கவலை தீனியைப் பற்றியது. செலவில் பெரும்பங்கு அதற்கே போகும். கடைத்தீனியைக் கடனுக்கு எடுத்தால் மீன் விற்ற காசு கடைக்காரருக்குத்தான்.

1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா, நம் குளங்களில் எவரும் தீனி போடாமலே பெருகிய மீன். பாசி தின்னும். ஆகவே முதலில் மாட்டெருவைக் கரைத்துத் தண்ணீரைப் பச்சையாக்குங்கள். முழங்கை வரை கையை விடுங்கள். விரல் தெரியாவிட்டால் எரு போதும். பிறகு மில்லில் உமி கலவாத தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கரைவலையில் கழிக்கும் சூடை, நெத்தலித் தலைகள். மீன்கழிவை அவித்து, எல்லாவற்றையும் சேர்த்து இடித்து உருண்டையாகப் போடுங்கள். தின்னாமல் மிஞ்சினால் அடுத்த நாள் குறையுங்கள். மிச்சம் அழுகினால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

தீனி இலவசம் என்று திட்டங்கள் வரும், முடியும். 1990இல் அரசே நன்னீர் மீன்துறைக்கான உதவியை நிறுத்தி, 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. குஞ்சு வாங்கமுன் தவிட்டு விலையை விசாரித்து வையுங்கள். கணக்குக் கொப்பி உங்கள் கையிலேயே இருக்கட்டும், அண்ணன் தம்பியிடம் கொடுக்க வேண்டாம்.