எதைக் குறைப்பது?
'கிராபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லையா, கேமின் செட்டிங்கைக் குறைத்து ஆடு' என்கிறார் நண்பர். குறைக்காமலா இருக்கிறோம்? 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டை வைத்துக்கொண்டு, கேபினெட்டைத் திறந்து சைக்கிள் பம்ப்பால் தூசி ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, நிழல்களை அணைத்து, 720பி-யில் முகமே தெரியாத வில்லனைச் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 2025-இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' விளையாட்டு, ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கிறது. அந்த இடத்தில் குறைக்க என்ன இருக்கிறது? அதே ஆண்டு என்விடியா இறக்கிய ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் அறிவிப்பு விலை 1,999 டாலர்.

அடுத்த அறிவுரை, 'ஸ்டார்டியூ வேலி' ஆடலாமே என்பது. ஆடுகிறேன்; ஒரே ஆள் உட்கார்ந்து செய்த அருமையான விளையாட்டு (என் பரங்கிக்காய் விளைச்சல் அமோகம்). பிரியாணி விலையைக் கேட்டால் தயிர்சாதத்தின் மகிமையை ஏன் சொல்கிறீர்கள்?