அவசரத்துக்கு ஐயாயிரம்

ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவிகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ரேஷன் அரிசி, மகளிர் உரிமைத்தொகை, முதியோர் உதவித்தொகை, ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு எனப் பட்டியல் நீளமானது. ஆனால், குடும்பங்கள் சரிவது மாதக் கணக்கில் அல்ல; ஒரே வாரத்தில். வீட்டுவேலைக்குப் போகும் பெண் படியில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டால், அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது. அவர் எழுந்து நடக்கும்வரை வராமல் போகும் சம்பளத்துக்கும், துணைக்கு இருக்கும் மகள் இழக்கும் கூலிக்கும், ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டிய வாடகைக்கும் உடனடியாகக் கைக்கு வரும் தொகை எதுவும் இல்லை. முதலில் தோடு அடகுக்குப் போகிறது. பிறகு தண்டல், அதை அடைக்கக் குழு லோன், குழு லோன் தவணைக்குக் கந்துவட்டி. ஐயாயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பிரச்சினை ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனாக வளர்வது இப்படித்தான். இந்த முதல் வாரத்துக்கென்றே, ஊராட்சி அளவிலும் நகர வார்டு அளவிலும், பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு நெருக்கடி நிதி வேண்டும்.

நாம் இதுவரை கடன் கொடுப்பவரைத் தண்டிப்பதில்தான் கவனம் செலுத்தியிருக்கிறோம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-ல் வந்தது. அடாவடி வசூலுக்கு எதிரான சட்டம் 2025-ல் வந்தது. இரண்டும் தேவையானவையே. ஆனால், 2003 சட்டம் நடைமுறையில் இருக்கும்போதுதான், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு கொடுத்துச் சலித்த ஒரு குடும்பமே தீயில் கருகியது. அதன்பின் மனு கொடுக்க வருவோரின் பைகளில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலிலேயே சோதிக்கிறார்கள். சட்டம் வட்டிக்காரரைக் கட்டுப்படுத்தலாம்; அவரிடம் போகாமல் இருக்க இன்னொரு வாசலை அது திறப்பதில்லை.

ஆட்சியரின் விருப்புரிமை நிதி இருக்கிறதே என்று கேட்கலாம். பெயரே சொல்லிவிடுகிறது, அது விருப்பம். உரிமை கோர முடியாது. பேருந்து பிடித்து மாவட்டத் தலைநகருக்குத் திங்கள்கிழமை வந்து, குறைதீர்க் கூட்டத்தில் ஆட்சியரின் கண்ணில் பட்டவருக்கே அது எட்டும். சம்பாதிப்பவர் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் கிடைக்கும் என்றால், அந்தத் தொகை 2012-லிருந்து அப்படியே நிற்கிறது. அதுவும் ஒரு சாவு விழுந்த பிறகுதான்.

உள்ளூர் அமைப்புகளிடம் பொறுப்பை மட்டும் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல பாடம். அங்கே அவசரக் கடனும் மானியமும் மத்திய அரசின் சமூக நிதியிலிருந்து கொடுக்கப்பட்டன. 2013 ஏப்ரலில் அவற்றை ஒழித்து, பொறுப்பை உள்ளாட்சிக் கவுன்சில்களுக்கு மாற்றினார்கள். பணமும் கவுன்சில்களுக்குப் போனது, ஆனால் அதை இதற்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை. நிதி நெருக்கடியில் இருந்த கவுன்சில்களில் பல, திட்டத்தையே மூடிவிட்டன. விலைவாசி ஏறியபோது, 2021 அக்டோபரில் 50 கோடி பவுண்டுடன் குடும்ப ஆதரவு நிதி என்று ஒன்றை அவசரமாகத் தொடங்கினார்கள். ஆறு மாதத் திட்டம் அது. பிறகு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. 2024-ல் காலாவதியாகச் சில வாரங்களே இருக்கையில்தான் அடுத்த நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் பணம் வருமா என்று தெரியாத கவுன்சில், ஆள் எடுக்காது, குடும்பங்களைத் தேடிப் போகாது. கூப்பன் அச்சடித்துக் கொடுத்துக் கணக்கை முடிக்கும். ஒருவழியாக, 2026 ஏப்ரலிலிருந்து மூன்றாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 84.2 கோடி பவுண்டு என்று உறுதி செய்யப்பட்ட நிதியை 2025-ல் அறிவித்தார்கள். ஏறத்தாழ 12 ஆண்டுகள் சுற்றி வந்து சேர்ந்த இடம் அது. வேறு செலவுக்குத் திருப்ப முடியாத பணம், பல ஆண்டுகளுக்கு உறுதி: இந்த இரண்டும் இல்லையென்றால் உள்ளூர் நிதி என்பது வெறும் அறிவிப்பு.

பணத்துக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்றால் 250 கோடி ரூபாய். குடும்பத்துக்கு ஐயாயிரம் வீதம் ஓர் ஊரில் 40 குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் அரசு, அதற்கு ஆண்டுக்கு 12,000 கோடிக்கு மேல் செலவிடுகிறது. இந்த 250 கோடி அதில் சுமார் இரண்டு சதவீதம். உரிமைத்தொகையே போதாதா என்பாருக்கும் இங்கேயே பதில் உண்டு. மாத ஆயிரம் அன்றாடச் செலவில் கரைந்துவிடும், கரைய வேண்டியதும்தான்.

ஆளுங்கட்சிக்காரர்களும் தலைவரின் உறவினர்களும் வாரிக்கொள்வார்கள் என்ற ஆட்சேபம் வலுவானது. அதை அலட்சியம் செய்யக் கூடாது. நூறு நாள் வேலையில் நாம் பார்த்ததுதான். ஆனால், உலக வங்கி உதவியுடன் 2005-ல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில், ஊரில் யார் மிகவும் ஏழை என்பதைக் கிராம மக்களே கூடி அடையாளம் கண்டார்கள். கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்கள் அந்தப் பட்டியலை வைத்தே வேலை செய்தன. அதேபோல், நெருக்கடி நிதிக்கான தேர்வை மகளிர் குழுக் கூட்டமைப்பு செய்யட்டும், பணத்தை ஊராட்சிச் செயலர் மூன்று நாளுக்குள் வங்கிக் கணக்கில் போடட்டும், கணக்கு கிராம சபையில் படிக்கப்படட்டும். பெயரையும் சேர்த்துப் படிக்கலாமா என்றால், கூடாது என்பேன். கை நீட்டியதை ஊரறியச் சொல்வார்கள் என்று பயந்தே வட்டிக்காரரிடம் போகிறவர்கள் உண்டு. தொகையும் காரணமும் போதும்.

நகரத்தில் இது இவ்வளவு எளிதல்ல. சென்னையிலும் திருப்பூரிலும் வாடகை வீட்டில் இருப்பவரின் குடும்ப அட்டை பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கே அவர் பெயர் தெரியாது. அட்டை முகவரியை நிபந்தனையாக வைத்தால், வேலை போன மறுநாளே வாடகைக்கு அல்லாடுகிற இவர்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். வாடகை ரசீதோ வேலை கொடுத்தவரின் ஒரு வரிக் கடிதமோ போதும் என்று விதி எழுத வேண்டும்.