வத்தலக்குண்டுக்காரரும் சுதேசிக் கப்பலும்

கொடைக்கானல் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் கடல் இல்லை. ஆனாலும் தமிழர் கப்பல் வரலாற்றை இந்த ஊரை விட்டுவிட்டு எழுத முடியாது. சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்தது இங்கேதான்.

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு ஆண்டு 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன, கொழும்புக்கு ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து நெருக்கியது. மலிவை உதறிவிட்டு நம் கப்பலில் ஏற மக்களுக்கு மனம் வர வேண்டுமே! அந்த மனத்தை உண்டாக்கிய குரல்களில் சிவாவின் குரல் முக்கியமானது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்திலும் அது முழங்கியது.

அதே ஆண்டு இருவர் மீதும் தொடரப்பட்ட ராஜத்துரோக வழக்கில் தீர்ப்பு வந்தது. சிவாவுக்குப் பத்தாண்டு, வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, அதில் ஒன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. ஆனால் சிவா சிறையிலிருந்து தொழுநோயோடுதான் வெளியே வந்தார். 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

தூத்துக்குடித் துறைமுகம் இன்று வ.உ.சி.யின் பெயரைத் தாங்குகிறது. பிள்ளைகளோடு கொடைக்கானல் போகிறவர்களே, வத்தலக்குண்டில் வண்டியைச் சற்று நிறுத்தி, சிவாவின் கதையைச் சொல்லிவிட்டு மலையேறுங்கள்.