கதிருக்கு முந்தைய இரவுகள்

கடையநல்லூரிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலை 8 மணிக்குக் கதிர்வீச்சு என்றால், விடியுமுன்பே தென்காசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தறியிலோ வளைகுடாவிலோ உழைத்து ஓய்ந்து, புராஸ்டேட் புற்றுநோயுடன் வரும் பெரியவரின் கோப்பில் பி.எஸ்.ஏ., கிளீசன், எம்.ஆர்.ஐ. எல்லாம் இருக்கும். தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கேட்டால், "ஒண்ணுக்குப் போவத்தான் எந்திரிக்கேன் சார்" என்பார். டாம்சுலோசின் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: "போய்வந்து படுத்ததும் தூக்கம் வருதா?" வராமல் விடியும்வரை உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தால் அது தூக்கமின்மை. உடம்பு கொதித்து, நனைந்த பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தால், ஹார்மோன் ஊசியின் வேலை. கதிர்வீச்சுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே லியூப்ரோலைடு தொடங்கிவிடுவதால், நம்மிடம் வரும்போதே பலர் இப்படித்தான் வருகிறார்கள். பலமான குறட்டை உண்டா என்று மனைவியிடம் கேளுங்கள். உறக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இரவில் சிறுநீரைக் கூட்டும்.

தூங்காதவர் பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் நாம். மேஜையில் படுக்கவைத்துப் பார்த்தால் பை காலி. குடல் இறங்கி, கதிர் படும் இடத்துக்கு அருகே வந்துவிடுகிறது. தூக்கத்தின் கணக்கு இங்கே டோஸ் கணக்கில் வந்து நிற்கிறது.

தூக்கமின்மைத் தீவிர அளவுகோலில் 7 கேள்விகள்தான், மொத்தம் 28 மதிப்பெண். 15-ஐத் தொட்டால் சிகிச்சை தேவை. அதற்காக அல்பிரசோலம் எழுதிவிடக் கூடாது. ஹார்மோன் ஊசியால் எலும்பு மெலிபவர், இரவில் நாலு தடவை இருட்டில் கழிப்பறைக்குப் போகிறவர். மயக்கத்தில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். முதல் சிகிச்சை, தூக்கப் பழக்கத்தையும் அது குறித்த பயத்தையும் சீராக்கும் நடத்தைப் பயிற்சி. இரவு நேர டீயையும், மாலையில் போடும் நீர் மாத்திரையையும் மாற்றிப் பார்க்கலாம்.

பயணங்களையே குறைக்கவும் வழி உண்டு. புராஸ்டேட் கதிர்வீச்சு பற்றி 2016-இல் வெளியான 'சிப்' ஆய்வு 74 கிரேயை 37 தவணையாகக் கொடுப்பதற்குப் பதில் 60 கிரேயை 20 தவணையாகக் கொடுக்கலாம் என்று காட்டியது. தகுதியுள்ளவருக்கு 17 விடியற்காலைப் பயணங்கள் மிச்சம்.

சக மருத்துவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் ஒரு வேண்டுகோள். திட்டமிடல் சி.டி. எடுக்கும் நாளிலேயே தூக்கத்தை விசாரித்துக் கோப்பில் எழுதுங்கள். தொலைவிலிருந்து வருபவருக்குப் 11 மணிக்கு மேல் நேரம் ஒதுக்குங்கள்.